நடப்போர் வழி

திண்டிவனம் ரயிலடிக்கு முன்னால் தடுப்புக் கம்பி போட்டு முடித்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அந்த ஐந்து வாரத்தில், கம்பி போட்டவனையும், போடச் சொன்னவனையும், அதற்கு மஞ்சள் பெயின்ட் அடித்தவனையும் ஜெசிந்தா திட்டாத நாள் கிடையாது. திட்டுவதற்கு இன்னும் ஓர் ஆள் பாக்கி இருந்தான். அவன் வீட்டுக்குள்ளேயே இருந்ததால், சாவகாசமாகத் திட்டிக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருந்தாள்.

அவளுக்கு ஆறு இருபது பாசஞ்சர். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியின் கேண்டீனில் இட்லி ஊற்றுகிற வேலை. வீட்டில் நாலு பேருக்கு ஊற்றுவது போல நினைத்துவிடக் கூடாது. ஓர் ஈட்டுக்கு நூற்றிருபது, காலையில் மட்டும் பதினைந்து ஈடு. ஆவி அடித்து அடித்து அவளுடைய இரண்டு முன்கையிலும் பூனைமுடிகூடக் கிடையாது. ஏழு வருஷமாகக் கான்ட்ராக்டில்தான் இருந்தாள். இந்த வருஷம் ஆறு பேரைப் பர்மனென்ட் ஆக்குவதாக லிஸ்ட் எடுத்தார்கள். மூன்றாவது பெயர் ஜெசிந்தா. பர்மனென்ட் என்றால் பி.எஃப். உண்டு, காய்ச்சலில் படுத்தால் சம்பளத்தோடு லீவு உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக, 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று ஒருத்தன் போனில் சொல்ல முடியாது. லிஸ்ட்டோடு ஒரு நிபந்தனையும் வந்தது. அக்டோபர், நவம்பர் இரண்டு மாசத்தில், காலை எட்டுப் பத்துக்குள் விரல்ரேகை வைக்கத் தவறியது மூன்று தடவை ஆனால் பெயரை அடித்துவிடுவார்கள்.

ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட லேட்டாகப் போகாதவளுக்கு இதெல்லாம் ஒரு நிபந்தனையா என்று அப்போது சிரித்துக்கொண்டாள். கம்பி போட்ட பிறகு, ஆறு இருபதைத் தவறவிட்டு இரண்டு தடவை ஆகிவிட்டது.

முன்பெல்லாம் காலனியில் இருந்து கிளம்பி, ஆட்டோ ஸ்டாண்டை ஒட்டினாற்போல மதிலில் இருந்த சந்தில் நுழைந்தால் நேரே ஸ்டேஷன் வாசல். சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சந்தால் ஆட்டோக்காரர்களுக்கும் தொல்லைதான். ரயில் வந்து நின்றதும் முந்நூறு பேர் அந்த வழியாகத் திபுதிபுவென்று வெளியே வருவார்கள். சவாரி ஏற்றிய வண்டி அசைய முடியாது. ஹாரன், கூச்சல், அம்மா அக்காவை இழுத்துத் திட்டு. ஒரு நாள் விருத்தாசலத்தின் ஆட்டோ ரயிலில் வேர்க்கடலை விற்கிற அஞ்சம்மாளின் கூடையில் இடித்து, வேகவைத்த மல்லாட்டை மொத்தமும் ரோட்டில் கொட்டிப் போனது. அஞ்சம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். விருத்தாசலம் ஆட்டோ ஸ்டாண்டின் தலைவர். அவருக்கு மானப் பிரச்சனை ஆகிவிட்டது. நடக்கிறவர்களுக்கு ஒரு வழி, வண்டிகளுக்கு ஒரு வழி என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லி மனுப் போடுவதென்று அன்றைக்குத்தான் முடிவானது. ஸ்டாண்டின் செயலாளர் சகாயராஜ். சகாயராஜ் யார் என்றால், ஜெசிந்தாவின் புருஷன்.

வழி பிரிந்தது. வண்டிகளுக்கு வாசல் வரை நேர் வழி, இரண்டு பக்கமும் மார்பு உயரத்துக்குக் கம்பி. நடக்கிறவர்களுக்குப் பார்க்கிங்கைத் தாண்டி, மதிலை ஒட்டி, மூன்று இடத்தில் திரும்பி, சரிவில் ஏறி இறங்கி ஒரு பாதை. அதன் தலைமாட்டில் பச்சை போர்டு: நடப்போர் வழி. பைக்குகள் உள்ளே நுழையாமல் இருக்க, ஆரம்பத்திலேயே நெளிநெளியாக மூன்று கம்பம். சந்தை அடைத்துக் காரை பூசிவிட்டார்கள்.

அன்றைக்கும் ரயில் அசையத் தொடங்கிய பிறகுதான் ஜெசிந்தா ஓடிவந்து ஏறினாள். செங்கல்பட்டில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் அம்சவள்ளி கையை நீட்டிப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"இன்னாக்கா, இன்னிக்கும் ஓட்டமா?"

"ஓடலன்னா வண்டி எனுக்கோசரம் நிக்கப்போவுதா? வாசலு இதோ கண்ணுக்கு எதுருல இருக்குது. கைய நீட்டுனா தொட்டுடலாம். சுத்திக்கினு வா, சுத்திக்கினு வான்றான் பாவி."

"நானு எண்ணிட்டேன்க்கா. முன்னாடி எம்பத்தெட்டு எட்டு வெச்சா வாசலு. இப்போ நானூத்திப் பதினாறு."

கூடையைக் கதவோரம் வைத்து அதன் பக்கத்திலேயே கீழே உட்கார்ந்திருந்த அஞ்சம்மாள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "எண்றதுக்கு உனுக்குக் காலு இருக்குது. எனுக்கு அந்த நெளிவுலயே உசுரு பூடுதும்மா. நானு உள்ள பூந்தா, இந்தக் கூட நொழைய மாட்டேங்குது. கூடய மேல தூக்கிக் குடுக்க ஒரு ஆளு வர்ற வரைக்கும் நின்னுக்கினு கெடக்கறேன்."

"வண்டி வழில இருக்கற செக்யூரிட்டிகிட்ட சொல்லிப் பாக்கறதுதான?" என்றாள் அம்சவள்ளி.

"சொன்னேனே. 'நடந்து வந்தா உட மாட்டேன் ஆயா. ஆட்டோவுல வா, வாசல்லயே எறக்கி உடுவாங்க'ன்றான். ஆட்டோவுல போறதுக்கு வக்கிருந்தா நானு இன்னாத்துக்கு மல்லாட்ட விக்கறேன்?"

ஒலக்கூர் வந்தது, நாலு பேர் ஏறினார்கள். ஜெசிந்தா மூச்சு அடங்கி, தூக்குவாளியைத் திறந்து கேப்பைக் கூழை இரண்டு வாய் குடித்தாள். பிறகு மூடியைப் போட்டுவிட்டாள். கேண்டீன் சூப்பர்வைசர் நல்ல மனுஷர்தான். ஆனால் விரல்ரேகை மிஷினுக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது. எட்டுப் பதினொன்று என்றால் சிவப்பாக எரியும். இரண்டு தடவை எரிந்துவிட்டது. நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் வீடு திரும்பியபோது சகாயராஜ் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வண்டி பளபளவென்று இருக்க வேண்டும். வண்டி முகப்பில் இருக்கும் மேரி மாதா படத்துக்குச் சாமந்திச் சரம் வாடக் கூடாது. ஜெசிந்தா களி கிண்டி, கருவாட்டுக் குழம்பைச் சூடாக்கி அவன் முன்னால் வைத்தாள்.

"இன்னைக்கு எத்தினி சவாரி?"

"இருந்துச்சி." களியை உருட்டினான். "நாலு."

"முன்ன காலைல மட்டும் ஆறு ஏத்துவ."

"இப்போ மழ நாளு."

"மழ நாள்ல தான ஆட்டோவுல ஏறுவாங்க? உண்மையச் சொல்லு. ரயில் விட்டு எறங்குற ஜனம் அந்தச் சுத்து வழில போயி பின்னாடி ரோட்டுல ஏறுது. அங்க ஷேர் ஆட்டோ நிக்குது. பத்து ரூவாய்க்கி ஏறிக்கினு போய்க்கினே இருக்குது. உன் ஸ்டாண்டு பக்கம் நடக்கறவனே இல்ல, அப்புறம் சவாரி எங்கேர்ந்து வரும்?"

அவனுக்குச் சுருக்கென்றது. ஐந்து வாரமாக ஸ்டாண்டில் இதைத்தான் யாரும் வாய் விட்டுச் சொல்லாமல் இருந்தார்கள். "ரோடு கிளியரா இருக்குதுல்ல? முன்ன மாதிரி பேஜாரு கெடையாது. ஜம்முனு உள்ள போறோம், ஜம்முனு வெளிய வர்றோம்."

"காலி வண்டி ஜம்முனுதான் போவும்."

"ஏய், சாப்பிடறப்போ வாயக் கிளறாத."

"செரி, நானு ஒண்ணு கேக்கறேன். பர்மனென்ட் லிஸ்ட் முடியற வரைக்கும் காலைல என்ன ஏத்திக்கினு போயி வாசல்ல உட்டா இன்னா?"

"அஞ்சு மணிக்கி ஸ்டாண்டு சீரியல்ல வரிசையா நின்னாதான் எக்ஸ்பிரஸ் சவாரி கெடைக்கும். சீரியல உட்டுட்டு உன்ன இட்டாந்து உட்டா பதினேழாவது ஆளாப் போயி நிக்கணும். அப்புறம் மத்தியானம் வரைக்கும் ஈ ஓட்டணும். நீ ஒரு பத்து நிமிஷம் முன்னாடி கெளம்பு. அவ்ளோதான், முடிஞ்சிபோச்சி."

பத்து நிமிஷம் முன்னால் கிளம்பு என்று சொல்லுகிறவர்கள் எல்லாம் சமையலறைப் பக்கம் போகாதவர்களாகவே இருக்கிறார்கள். நாலு மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, காலேஜுக்குப் போகிற மகள் கலைமதிக்குக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறவளிடம் பத்து நிமிஷம் எங்கே இருக்கிறது? ஜெசிந்தா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை அவளுக்கு வார லீவு. கம்பி வேலையை எடுத்த கம்பெனிக்கு விழுப்புரத்தில் ஆபீஸ் இருக்கிறது, அங்கே கேட்டால் ஏதாவது நடக்கும் என்று அம்சவள்ளி விசாரித்துச் சொல்லியிருந்தாள். அஞ்சம்மாளும் வியாபாரத்தை ஒரு நாள் விட்டுவிட்டுக் கூட வந்தாள். பஸ்ஸில் போனார்கள். விக்கிரவாண்டி தாண்டினதும் மழை பிடித்துக்கொண்டது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு விசாரித்து விசாரித்துப் போனால், ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். அஞ்சம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிக்குப் படி உட்கார்ந்து ஏறினாள்.

உள்ளே இருந்த இன்ஜினியர் சின்ன வயசு. பெயர் சித்தார்த்தன் என்று மேஜையில் பலகை இருந்தது. சண்டை போடத் தயாராகப் போனவர்களுக்கு அவன் முதலில் நாற்காலி போட்டான், பிறகு டீ வாங்கிவரச் சொன்னான். அதிலேயே ஜெசிந்தாவுக்குப் பாதி வேகம் இறங்கிவிட்டது.

"சொல்லுங்கம்மா."

"நீங்க ஒரு நாளு அந்த வழில நடந்து பாத்தீங்களா சார்?"

"வரைஞ்சதே நான்தாம்மா."

"வரஞ்சீங்க. நடந்தீங்களா? இந்தக்காவப் பாருங்க, முட்டி ரெண்டும் வீங்கிக் கெடக்குது. பதினெட்டுக் கிலோ கூடய வெச்சிக்கினு நானூத்திப் பதினாறு எட்டு நடக்குது. எம்பத்தெட்டு எட்டுல போன எடம் சார் அது. அந்தச் சந்த எதுக்கு அடச்சீங்க? யாரு கேட்டா உங்கள?"

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நீங்கதானம்மா கேட்டீங்க?"

"நாங்களா?"

எழுந்து போய் அலமாரியில் இருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தான். மேல் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தான். டைப் அடித்த மனு. ஜெசிந்தா பத்தாவது வரை படித்தவள். விரலை வைத்துப் படித்தாள். 'மேற்படி சந்தின் வழியாகப் பாதசாரிகள் குறுக்கே வருவதால் வாகனங்களுக்குப் பெரும் இடையூறு ஏற்படுகிறபடியால், அச்சந்தை நிரந்தரமாக அடைத்து, பாதசாரிகளுக்கு மாற்று வழி ஏற்படுத்தித் தருமாறு, கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

அவன் தாளைப் புரட்டினான். அடுத்த தாளில் பேனாவால் கோடு போட்ட கட்டங்கள். ஒன்றாம் நம்பரில் 'ச. ஜெசிந்தா' என்று அவளே போட்ட கையெழுத்து, பக்கத்தில் அவளுடைய போன் நம்பர். இரண்டாவது அம்சவள்ளி. அப்படியே இறங்கி, ஆறு தாளில் எழுபத்து மூன்று பேர். முக்கால்வாசிப் பேர் ஆறு இருபது பாசஞ்சர் பெண்கள். பதினொன்றாவது கட்டத்தில் ஒரு கைநாட்டு.

எங்கள் பக்கத்தில் மனு என்றால் அப்படித்தான். கையெழுத்துத் தாள்தான் முதலில் ஊரைச் சுற்றக் கிளம்பும். மனு பிற்பாடு எவனாவது டைப் அடித்து மேலே குத்திக்கொள்வான். என்ன எழுதப்போகிறார்கள் என்று கேட்பது, கேட்டு வந்தவனை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று ஒருவரும் கேட்பதில்லை. சகாயராஜ் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நம்பர் எழுதி, வெறும் தாளைத்தான் அவளிடம் கொடுத்திருந்தான். 'ஸ்டேஷன் வாசலச் செரி பண்றதுக்கு' என்று மட்டும் சொன்னான். அவள் அதை ரயிலில் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். நமக்கென்று தனி வழி வரப்போகுது, போடுங்கடி, போடுங்கடி என்று தானே வாய் வலிக்கச் சொல்லி வாங்கினாள்.

"இது என் கைநாட்டா?" அஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஆமாக்கா."

"எங்க வெச்சேன்?"

"ரயில்லதான். மை இல்லன்னு பால்பேனாவ உன் வெரல்ல தேச்சி உட்டேனே."

"அப்போ நானே இன்னா சொல்லிக்கீறேன், என்ன சுத்த உடுங்கன்னு சொல்லிக்கீறேனா?"

சித்தார்த்தனுக்குச் சங்கடமாகிவிட்டது. லேப்டாப்பைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினான். "இது என்னோட முதல் பிளான்ம்மா. சந்துல சின்ன கேட்டு, அதுக்கு நேரா ரோட்டுல வெள்ளைக் கோடு, ஸ்பீடு பிரேக்கர். ஆளுங்க கிராஸ் பண்றப்போ வண்டி நிக்கணும். வண்டிக்கு அரை நிமிஷம் போகும், அவ்வளவுதான். இந்த மனு வந்ததும், 'ஜனங்களே வேணாங்குறாங்க, கேட்ட எடுத்துடு'ன்னு மேல சொல்லிட்டாங்க."

சந்தில் கேட் இருந்திருக்கிறது. காகிதத்தில் இருந்ததைத் தன் கையெழுத்துதான் அடித்துப் போட்டது என்று தெரிந்தபோது ஜெசிந்தாவுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்நிய ஆபீஸ் என்பதால் அடித்துக்கொள்ளவில்லை.

"இப்போ மாத்தணும்னா இன்னா பண்ணணும் சார்?"

"இன்னொரு மனு குடுங்க. இதே ஆளுங்க கையெழுத்துப் போட்டா நல்லது. அடுத்த வருஷம் எஸ்டிமேட்ல சேர்க்கச் சொல்லிப் பார்க்கலாம்."

"எனுக்கு இந்த மாசம் முப்பதாந்தேதி வரைக்கும்தான் சார் டைம்மு."

அவனுக்கு அது விளங்கவில்லை. டீ வந்தது. குடிக்காமல் எழுந்து வந்தால் நன்றாக இருக்காது என்று குடித்துவிட்டு வந்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் ரகளை. பாக்கி வைத்திருந்ததை எல்லாம் ஜெசிந்தா சேர்த்துத் திட்டினாள். சகாயராஜ் குறுக்கே புகுந்தான்.

"நானும் படிக்கலடி. சத்தியமா படிக்கல. விருத்தாசலம் அண்ணன்தான் கோர்ட்டாண்ட போயி டைப் அடிச்சாந்துச்சி. தனித்தனி வழின்னு எழுதுங்கன்னுதான் நானு சொன்னேன்."

"செயலாளருன்னு ரப்பர் ஸ்டாம்பு குத்துனியே, அதுக்கு மேல இன்னா எழுதிக்கீதுன்னு பாக்க மாட்டியாய்யா?"

"நீ கையெழுத்து வாங்குனியே, நீ கேட்டியா?"

அதைக் கேட்டு அவள் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திட்டினாள். கலைமதி புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ரயிலில் அதைவிட மோசம். அம்சவள்ளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன்ன நம்பித்தானக்கா போட்டோம்" என்றாள். அன்றிலிருந்து ஜெசிந்தாவுக்குப் பை வைத்துச் சீட்டுப் பிடித்து வைப்பதை விட்டுவிட்டாள். ஜெசிந்தா கதவோரம் அஞ்சம்மாளின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். சகாயராஜோடு பேச்சு வார்த்தை நின்றது. தினமும் மூன்றே முக்காலுக்கு எழுந்து, பத்து நிமிஷம் முன்னால் கிளம்பி, அந்த நானூற்றுப் பதினாறு எட்டையும் நடந்து, ஒரு நாளும் லேட்டாகாமல் இருபத்தொன்பதாம் தேதி வரை வந்து சேர்ந்துவிட்டாள். ஒரே ஒரு நாள் பாக்கி.

முப்பதாம் தேதி காலையில் மழை சும்மா ஊற்றிற்று. ஜெசிந்தா ஐந்து ஐம்பத்தைந்துக்கெல்லாம் பையை மாட்டிக் குடையை எடுத்துவிட்டாள். வெளியே வந்தால், ஐந்து மணிக்கே ஸ்டாண்டுக்குப் போயிருக்க வேண்டிய ஆட்டோ வாசலில் நின்றது. படுதா இறக்கி, சீட்டைத் துடைத்து, சகாயராஜ் டீ டம்ளரோடு நின்றிருந்தான்.

"சீரியலுக்குப் போவல?"

மூன்று வாரம் கழித்துப் பேசுகிறாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "போனா போவுது. இன்னைக்கு உன்ன வாசல்லயே எறக்கி உடுறேன். அந்த ரெண்டாவது திருப்பத்துல முட்டி வரைக்கும் தண்ணின்னு சொல்றானுங்க. அதுல நீ போவ வேணாம்."

"நானு நடந்தே போயிடறேன். கணக்கா நேரம் வெச்சிருக்கேன்."

"எம்மேல நம்பிக்க இல்லியா உனுக்கு? ரெண்டு நிமிஷ வேல. டீ குடி மொதல்ல. நனஞ்சிக்கினு போயி ஈரத்தோட ரயில்ல குந்தணுமா?"

அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. ஜெசிந்தாவுக்கும் உள்ளுக்குள் எங்கோ இளகிவிட்டது. இத்தனை நாள் விரைத்துக்கொண்டு இருந்ததில் அவளுக்கும் அலுப்புதான். டீயைக் குடித்தாள். அதற்குள் கூடைக்கு மேல் பிளாஸ்டிக் சாக்கைப் போட்டுக்கொண்டு அஞ்சம்மாள் வந்தாள். அவளையும் ஏறச் சொன்னான். கிளம்பும்போது ஆறு ஐந்து. ஆறு ஏழுக்கு வண்டி வழிக்குள் நுழைந்தாகிவிட்டது. செக்யூரிட்டி கையைக் காட்டி உள்ளே விட்டான்.

"பாத்தியா?" என்று சகாயராஜ் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சொன்னான்.

இருபது அடி போனதும் வண்டி நின்றது. முன்னால் இரண்டு கார். அதற்கும் முன்னால், வாசலை அடைத்தாற்போல ஒரு வேன். எங்கோ தெற்கே கல்யாணத்துக்குப் போகிற கூட்டம். ஆறரை எக்ஸ்பிரஸுக்கு வந்திருக்கிறார்கள். கார்த்திகை முகூர்த்தம். வேனுக்குள்ளிருந்து வரிசைத் தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, மழைக்குக் குடை பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். முதலில் பழத்தட்டு, பிறகு ஜிகினாத் தாள் சுற்றிய லட்டுத் தட்டு, பிறகு பட்டுப்புடவை.

சகாயராஜ் ஹாரன் அடித்தான். பின்னால் வந்து நின்ற கார்காரனும் அடித்தான்.

"யோவ், ஜல்தி எடுய்யா!"

"கல்யாண வேல சார், ரெண்டு நிமிஷம்!" என்று வேன் டிரைவர் கும்பிட்டான்.

ஆறு பன்னிரண்டு. தட்டுகளை எண்ணிப் பார்த்த ஒரு பெரியம்மா, இருபத்தொன்றுக்கு ஒன்று குறைகிறது, இருபதாகப் போகக் கூடாது என்று சொல்ல, எல்லோரும் வேனுக்குள் தலையை விட்டுத் தேட ஆரம்பித்தார்கள். ஆறு பதினெட்டு ஆனதும் ஜெசிந்தா ஆட்டோவில் இருந்து இறங்கினாள். இரண்டு பக்கமும் கம்பி. வேனுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சாண். வேனின் கதவு வேறு திறந்து கம்பியில் இடித்து நின்றது. முன்னால் நடந்தும் போக முடியாது, பின்னால் கார் அடைத்து நிற்பதால் திரும்பியும் போக முடியாது. கம்பிக்கு அந்தப் பக்கம் இருபது எட்டில் வாசல்.

"ஏம்மா, வண்டி வழில எறங்கக் கூடாது!" என்று செக்யூரிட்டி விசில் ஊதினான்.

"வாய மூடுய்யா!" என்று சகாயராஜ் கத்தினான். கம்பியோரம் குனிந்து நின்றான். "ஜெசி, வா. என் தோள்மேல காலு வெச்சி ஏறு. சீக்கிரம்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். ஈரக் கம்பி வழுக்கிற்று. நாற்பத்திரண்டு வயசுப் பெண்பிள்ளை, ஊர் பார்க்க, புருஷன் தோளில் கால் வைத்து ஏறினாள். மேல் கம்பியில் வயிறு பட்டு, ஒரு காலை அந்தப் பக்கம் போட்டபோது ரயிலின் ஊதல் கேட்டது. வாசல் வழியாகப் பிளாட்பாரம் தெரிந்தது. பெட்டிகள் நகர்ந்தன. பெண்கள் பெட்டியின் கதவில் அம்சவள்ளி நின்றிருந்தாள். புடவை முழங்கால் வரைக்கும் நனைந்து, கையில் செருப்பு. தண்ணீரில் இறங்கி நடந்து வந்தவள் நேரத்துக்கு வந்து ஏறியிருந்தாள். கம்பி மேல் இருந்த ஜெசிந்தாவைப் பார்த்ததும் அவளுடைய கை, இழுத்து ஏற்றுகிறவள் போலத் தானாக நீண்டது. பெட்டி மறைந்தது.

ஜெசிந்தா சற்று நேரம் கம்பி மேலேயே இருந்தாள். பிறகு இந்தப் பக்கமே இறங்கி ஆட்டோவில் உட்கார்ந்தாள். இருபத்தோராவது தட்டு அகப்பட்டுவிட்டது. வேன் நகர்ந்தது, கார்கள் நகர்ந்தன, ஆட்டோ வாசலுக்கு வந்தது. வாசலிலேயே இறக்கி விடுகிறேன் என்று சொன்னவன், சொன்னபடி அங்கே நிறுத்தினான். அஞ்சம்மாள் முனகிக்கொண்டே கூடையோடு இறங்கினாள். அவளுக்கு எட்டு மணி வண்டி போதும். மல்லாட்டைக்கு விரல்ரேகை கிடையாது.

"எறங்கு ஜெசி. எட்டு மணி வண்டியில போ. அந்த சூப்பர்வைசர் சார்கிட்ட நானு வேணா போன்ல பேசறேன்."

"வெளிய ஓட்டு."

"இங்கியே குந்திக்கலாமே."

"வெளிய ஓட்டுன்னேன்."

ஓட்டினான். ரோட்டுக்கு வந்ததும் இறங்கிக்கொண்டு, குடையை விரித்து, பார்க்கிங் பக்கமாக நடந்தாள். பச்சை போர்டைப் பார்த்துப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"ஏய், எங்கடி போற? வாசல்லதான நின்னோம்?"

"நானு கையெழுத்துப் போட்டு வாங்குன வழி. நடக்கறேன்."

ஆட்டோவை ஸ்டாண்டில் கடைசியாக விட்டான். "சகாயம், சீரியல்ல நிக்கறியா இல்லியா?" என்று விருத்தாசலம் கேட்டதற்குக் கையை ஆட்டிவிட்டு, அவள் பின்னால் ஓடினான். குடை இல்லை. நெளிவுக் கம்பத்தில் அவனுடைய தொப்பை இடித்தது. ஒருக்களித்து நுழைந்தான். மதிலோரம் பாசி, செருப்பு வழுக்கிற்று. முதல் திருப்பத்தில் அவளுடைய சாப்பாட்டுப் பையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அவள் கொடுத்தாள், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது திருப்பத்தில் தண்ணீர் முழங்கால் வரை ஏறியது. பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தான். இருபது வருஷமாக ரயிலடி வாசலிலேயே பிழைக்கிறவன், ஸ்டேஷனுக்குள் நடந்து போவது அன்றைக்குத்தான் முதல் தடவை. மூச்சு வாங்கிற்று. நின்று, கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மேரி மாதா படத்தில் சாமந்திச் சரம் நனைந்துகொண்டிருந்தது.

"ஏய் ஜெசி. இது என் வண்டிடி."

"ஆமா."

"இவ்ளோ நேரம் நடந்து இங்கியேவா நிக்கறோம்?"

"இன்னும் பாதி இருக்குது," என்றாள். "நட."